அக்கா பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த நான்கு வருடங்கள்

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். உங்களில் பலர் அக்காவுடன் என்னைவிட அதிக நாட்கள் இருந்தவர்கள். அவரைப் பற்றிப் புதிதாகப் புகழ்ந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எது எப்போது நடந்தது என்று குறித்து வைப்பது மட்டும் எனக்குச் சிறு வயதிலிருந்து பழக்கம். அதை நம்பித்தான் எழுத ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒன்று கேட்டுக்கொண்டார். "வருஷம் தேதியெல்லாம் போட்டுடாத தம்பி. பத்திரம் படிக்கற மாதிரி இருக்கும்." ஆகவே மாதமும் கிழமையும் மட்டும் தருகிறேன். அதையாவது விடச் சொல்லாமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி.

நம் குடும்பத்தில் இரண்டு வருடங்களாக ஒரு தவறான செய்தி உலவி வருகிறது. அக்காவின் மேல் மனு கொடுத்தது யார் என்பது பற்றிய செய்தி அது. அதையும் இந்தக் கட்டுரையில் திருத்தியாக வேண்டும்.

அக்கா பிறந்தது வெம்பாக்கத்தை அடுத்த எங்கள் ஊரில், ஒரு கார்த்திகை மாதத்தில். பள்ளிச் சான்றிதழில் மே மாதம் என்று இருக்கிறது. சேர்க்கும்போது ஆசிரியர் போட்டுக்கொண்ட மாதம் அது. அம்மாவைக் கேட்டால் தீபத்துக்கு மறுநாள் என்பார். பெரியம்மாவைக் கேட்டால் தீபத்துக்கு முதல் நாள் என்பார். இருவரும் பிரசவத்தின்போது அதே வீட்டில் இருந்தவர்கள். அக்கா இந்தத் தகராறை ரசித்தார். ஒவ்வொரு வருடமும் இருவரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, "இந்த வருஷமும் ஒத்துப்போவலடா" என்று என்னிடம் வந்து சொல்வார்.

அவர் செய்யாறில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். நடவுக்கும் அறுப்புக்கும் அம்மாவுடன் போய்க்கொண்டே மூன்றாம் ஆண்டை முடித்தார். பிறகு ஆரணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை. என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். கடைக்கு வரும் மனுக்களையும் வில்லங்கச் சான்றுகளையும் தட்டச்சு செய்யும்போதே முழுதாகப் படித்துவிடுவார். "ஒவ்வொரு மனுவுலயும் ஒரு வீடு இருக்குதுடா" என்பார். ஒரு வைகாசியில் சேவூருக்கு மருமகளாகப் போனார். மாமா வீட்டில் ஒரு பட்டுத் தறி. ஆரணியில் உள்ள ஒரு முதலாளிக்கு நெய்து கொடுப்பவர். அதிகம் பேச மாட்டார். அக்கா அவர் பங்கையும் சேர்த்துப் பேசினார்.

கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது மூத்தவன் தருணுக்கு ஐந்து வயது, இளையவள் வர்ஷினிக்கு இரண்டு. தருணின் பள்ளி செல்போனில் பாடம் நடத்தியது. நான்காவது நாள், எனக்கு நினைவிருக்கும்வரை ஒரு வியாழக்கிழமை, அக்கா செல்போனை அணைத்து அலமாரி மேல் வைத்தார். ஆசிரியை "அ" என்று சொல்ல, முப்பது பிள்ளைகள் வெவ்வேறு நேரத்தில் "அ" என்று கத்த, இவன் செல்போனுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தானாம். "எண்ணத்தானே செய்யறான்? அத வீட்லயே எண்ணலாம்" என்று அக்கா முடிவு செய்தார்.

அந்த வீட்டில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. நானும் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறேன். பாட நேரம் என்று ஒன்று கிடையாது. இட்லி மாவு கரைத்ததும் பாத்திரத்தின் வெளியே தருண் சாக்பீஸால் ஒரு கோடு போடுவான். விடிந்ததும் மாவு எங்கே வந்திருக்கிறது என்று இன்னொரு கோடு. மழை நாளில் கோடு குறைவாக ஏறியது அவனாகக் கண்டுபிடித்தது. எழுத்துக்களைப் பருப்புப் பாக்கெட்டிலும், ரேஷன் கடைப் பலகையிலும், டவுன் பஸ்ஸின் நெற்றியிலும் படித்தான். முதலில் முழுதாகப் படித்த சொல் "சேத்துப்பட்டு". ஆறு வயது நிறைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த பஸ்ஸில்தான் நான் தினமும் அலுவலகம் போகிறேன் என்பதால் எனக்குச் சற்றுப் பெருமை.

அக்கா வைத்திருந்த ஒரே சட்டம், எந்தக் கேள்வியானாலும் இரண்டு பேரைக் கேட்க வேண்டும் என்பது. பிள்ளைகள் கேட்பது தெரிந்திருந்தாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரியாது, போய் ரெண்டு பேர கேட்டுகினு வா" என்று அனுப்புவார். வேகவைத்த பட்டு ஏன் மினுமினுக்கிறது என்று சாயம் போடுகிறவரைக் கேட்டார்கள். பிறகு மாமாவைக் கேட்டார்கள். இரண்டு பதிலும் வேறாக இருந்தால் அன்று அந்த வீட்டில் கொண்டாட்டம். எது சரி என்று சாப்பாடு முடியும்வரை பேச்சு ஓடும். தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. எதிர்வீட்டு சரோஜாம்மா இவர்கள் இருவரும் வாசலில் தலை காட்டினாலே, "வந்துட்டாங்கடா சிபிஐகாரங்க. நான் இன்னிக்கு இன்னா குத்தம் பண்ணேன்?" என்பார். வர்ஷினி சளைக்காமல், "குத்தம் இல்ல, கேள்விதான்" என்பாள். அப்போது அவளுக்கு நான்கு வயது.

பள்ளிகள் திறந்த பிறகும் அக்கா அனுப்பவில்லை. "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. மாமா தன் தறியோடு இருந்துகொண்டார்.

இப்போது பாவு பிணைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெசவு வீட்டில் பிறந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதிதான் பாவு. பழைய பாவு நெய்து முடியும்போது அதன் நுனிகளைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு ஒன்றுக்கு ஒன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பார்கள். பல ஆயிரம் இழைகள். அதற்கென்று ஆட்கள் உண்டு. அக்கா அந்த வேலையைத் தானே கற்றுக்கொண்டு செய்தார். தருண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு கேட்டான். பிறகு ஓரிரண்டு செய்தான்.

ஒரு மார்கழி ஞாயிறு மாலை நான் போனபோது, எட்டு வயதுப் பையன் குனிந்து உட்கார்ந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தான். விரல்களில் சாம்பல். வெளியே தெருப் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"இன்னாக்கா இது? ஸ்கூலுக்கும் அனுப்பாம, தறியில உக்கார வெச்சிருக்க."

"எண்ணிப் பழகறான்டா. நூறு பிணைச்சா நிறுத்திடுவான்."

"யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"இன்னா நெனப்பாங்கன்னு ரெண்டு பேர கேட்டுகினு வா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரமே, எட்டு வயதுச் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தறி வேலையில் ஈடுபடுத்துகிறார்கள் என்று கையெழுத்தில்லாமல் ஒரு மனு எழுதி, குழந்தைகள் நலம் பார்க்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். எழுதியவன் நான்தான். எதிர்வீட்டு சரோஜாம்மா அல்ல. அவர் மேல் சந்தேகப்பட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் அருள்கூர்ந்து இதைப் படித்த பிறகு அவர் வீட்டுக்கு ஒரு முறை போய் வரவும். நான் போய் வந்துவிட்டேன்.

அடுத்த பாவு தை மாதக் கடைசியில் வந்தது. பழைய பாவைப் போலவே அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. ஒரு கல்யாணத்துக்கான சேலைகள். அக்கா பிணைத்து வந்தார். இடையில் தருண் தன் பங்குக்கு நூறு பிணைத்தான். அந்த நூறில் எங்கேயோ ஒரு பழைய இழையை விட்டுவிட்டு அடுத்ததோடு சேர்த்துவிட்டான். அங்கிருந்து எல்லாமே ஓர் இழை தள்ளிப்போயிற்று. உடல் முழுக்கச் சிவப்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கரைக்கு வந்தபோது ஒரு பச்சை இழை சிவப்போடு போய்ச் சேர்ந்து, இன்னொரு பச்சை துணையில்லாமல் நின்றது.

மாமா பார்த்தார். "செவப்புல ஒண்ணு வுட்டா யாருக்குத் தெரியப் போவுது? கரையில மட்டும் திருத்திக்கலாம்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். வேலைக்கு அது போதும். ஆனால் அக்காவுக்கு அந்த இடம் தெரிய வேண்டும். "எங்க வுட்டான்னு பாக்கலாமே" என்றார். அவன் பிணைத்த நூறு எங்கே தொடங்கியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. தருணையே தேடச் சொன்னார். பாவில் இழைகள் மேலொன்று கீழொன்றாக மாறி மாறி வரும். மேல் இழை மேல் இழையோடும் கீழ் இழை கீழ் இழையோடும் சேர்ந்திருந்தால் அதுவரை சரி என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். நடுவில் தும்மினால் எண்ணிக்கை மறந்து முதலிலிருந்து தொடங்கினான். புதன்கிழமை காலை வர்ஷினி சொன்னாள். "ஏன் மொதல்லேர்ந்து பாக்கற? நடுவுல பாரேன்." நடுவில் பார்த்தார்கள். அதுவரை சரியாக இருந்தது. மீதிப் பாதியின் நடுவில் பார்த்தார்கள். அங்கே தவறாக இருந்தது. அப்படிப் பாதி பாதியாக நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான், பதினோரு மணி இருக்கும், வாசலில் ஜீப் நின்றது.

இதற்கு மேல் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கா, மாமா, வர்ஷினி மூவரையும் அப்போதே தனித்தனியாகக் கேட்டுக் குறித்து வைத்ததை எழுதுகிறேன்.

வந்தவர் குழந்தைகள் நல அலுவலகத்து அம்மையார் ஒருவர். கூட ஓர் உதவியாளர். உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது, பாவுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பையன்.

"இந்தப் பையன் ஸ்கூலுக்குப் போறதில்லயா?"

"வீட்லதாங்க படிக்கறான்" என்றார் அக்கா.

"படிக்கறானா, பிணைக்கறானா?"

அக்கா பதில் தேடுவதற்குள் வர்ஷினி முந்திக்கொண்டாள். "பிணைக்கலங்க. தப்பு தேடிகினு இருக்கறோம்."

"இன்னா தப்பு?"

அவள் முழுதாக விளக்கினாள். நடுவில் பார்த்தது, பிறகு பாதியின் நடுவில் பார்த்தது எல்லாம். அந்த அம்மையார் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

"நடுவுல பாக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. அவன் ஒண்ணொண்ணா பாத்துகினு இருந்தா எனக்கு போர் அடிக்குது. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"உங்களப் பாக்கத்தான்."

"இருங்க, அவரையும் கேக்கறேன்" என்று உதவியாளரிடம் திரும்பினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அம்மையார் மனுவின் சில வரிகளை மட்டும் படித்துக் காட்டினார். பிறகு அக்காவிடம் சொன்னார். "பாப்பா பேசறத கேட்டா நீங்க ஏதோ நல்லாதான் செய்யறீங்கன்னு தெரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்தப் பையன் இன்னிக்கு எனக்கு இது வேணாம்னு சொன்னா வுட்டுடுவீங்களா?"

"வுடாம இன்னாங்க? வேணாம்னா எழுந்து போவலாம். அவனையே கேளுங்க."

"நீங்களே கேளுங்க."

அக்கா கேட்டார். "தருண், உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லுவ இல்ல?"

அவன் முதலில் அப்பாவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"அப்படிச் சொல்லலாமாம்மா?"

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் சாட்சிகள் வேறுபடுகிறார்கள். அக்கா அழுதார் என்கிறாள் வர்ஷினி. உள்ளே போய், வந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்கிறார் மாமா. இரண்டும் நடந்திருக்கலாம். அக்காவைக் கேட்டபோது, "எனக்குத் தெரியலடா. அவன் மூஞ்சிதான் தெரிஞ்சுது" என்றார். பையன் எழுந்து வெளியே ஓடிவிட்டான் என்பதில் மூவரும் ஒத்துப்போகிறார்கள். அந்த இழையை அதன் பிறகு யாரும் தேடவில்லை. மாமா கரையை மட்டும் திருத்தி நெய்து முடித்தார். எந்த இடத்தில் விட்டான் என்பது இன்றுவரை தெரியாது. அந்தச் சேலையை உடுத்திய மணப்பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.

அந்த அம்மையார் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. ஜூனில் இருவரையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிடும்படியும், அதுவரை பிள்ளைகளைத் தறிப் பக்கம் விட வேண்டாம் என்றும் சொல்லிப் போனார்.

அடுத்த ஞாயிறு நான் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மனுவுல 'மார்கழி மூன்றாம் ஞாயிறு மாலை நாலரை மணியளவில்'னு போட்டிருந்துது. கையெழுத்து போடாம, நேரம் போட்டு எழுதற ஆளு இந்த ஜில்லாவுல எத்தன பேருடா இருக்காங்க?"

நான் கீழே விழுந்த வெங்காயச் சருகைப் பொறுக்கினேன்.

"என்னை வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்க்கா. நீ சிரிச்ச."

அவர் ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தார். "ஆமா. அது என் தப்பு" என்றார். பிறகு, "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் கேள்வி கேக்கக் கத்துக் குடுத்தேன். என்னைக் கேக்கலாம்னு சொல்லவே இல்ல பாரேன்" என்றார். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சரோஜாம்மா இல்லை என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னார். யார் என்று சொல்லாததால் யாரும் நம்பவில்லை.

மாசியிலிருந்து அந்த வீட்டில் புதிய ஏற்பாடு வந்தது. பிள்ளைகள் எதையும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்கப்படும், ஆனால் கட்டாயம் இல்லை. முதல் வாரம் தருண் எல்லாவற்றையும் வேண்டாம் என்றான். குளிக்க வேணாம், இட்லி வேணாம், சாக்பீஸ் கோடு வேணாம், பெரியப்பா வீட்டுக் காது குத்துக்கு வர வேணாம். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, பெரிய பேஜாரா போச்சு." அக்கா அசரவில்லை. "நாலு வருஷத்து பாக்கி, தீரட்டும்" என்றார். பங்குனி பிறக்கும்போது அவனுக்கே அலுத்துவிட்டது. குளியலும் இட்லியும் திரும்பின. தறிப் பக்கம் அவன் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது. பிணைக்கும்போது பக்கத்தில் அவன் உட்கார்ந்த இடத்தைக் காலியாக விட்டே உட்காருவார்.

ஜூனில் இருவரும் அரசுப் பள்ளியில் சேர்ந்தார்கள். தருண் நான்காம் வகுப்பு, வர்ஷினி முதல் வகுப்பு. தருணுக்குக் கையெழுத்து கோணல், வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தடுமாற்றம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரண்டு மாதத்தில் சரியாயிற்று. முதல் மாதம் வந்த ஒரே புகார், வகுப்பாசிரியை ஒன்றைச் சொன்னால் இவன் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் போய் அதையே கேட்டுவிட்டு வருகிறான் என்பது.

ஐப்பசியில் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. வேலூரில் சேர்த்தோம். அங்கேயும் ஒவ்வொரு மருந்தும் எதற்கு என்று செவிலியரைக் கேட்டு, பிறகு மருத்துவரையும் கேட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணே சொல்றாங்கடா, அதான் பயமா இருக்குது" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விடிந்து இரண்டு மணி நேரத்தில், அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். மாமாவும் நானும் அருகில் இருந்தோம்.

அந்த நான்கு மாதமும் மருத்துவமனையில் முறை வைத்துத் துணைக்கு இருந்த பெரியம்மாவின் மகள்களுக்கு நன்றி. தறியில் பாதியில் நின்ற சேலையை வேறு ஆள் வைத்து முடித்துக்கொண்டு, மாமாவை ஒரு வார்த்தை அவசரப்படுத்தாத ஆரணி முதலாளிக்கு நன்றி. பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் சோறு போட்டு, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பியவர் சரோஜாம்மா. அவரோடு யாரும் பேசாத நாட்களிலும் அதைச் செய்தார். ஜீப்பில் வந்த அம்மையாருக்கும் இந்த மலரின் ஒரு பிரதியை அனுப்பியிருக்கிறேன், இந்த முறை கையெழுத்துப் போட்டு.

கடைசியாக, பதினாறாம் நாள் காரியத்தின்போது உங்களில் பலர் மனம் வருந்தியது எனக்குத் தெரியும். இதுவரை யாரும் விளக்கம் சொல்லவில்லை. குளக்கரையில் எல்லாம் தயாராக இருந்தது. தருணுக்கு முடி இறக்க நாவிதர் கத்தியை எடுத்தார். பத்து வயதுப் பையன் எல்லோர் முன்னாலும், சத்தம் போடாமல், "எனக்கு இது வேணாங்க. மத்ததெல்லாம் செய்யறேன்" என்றான். அவன் பெரியப்பா கோபப்பட்டார். "பெத்தவளுக்குக் கூடவாடா செய்ய மாட்ட?" பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். தாய்மாமன் நான்தான் சொல்ல வேண்டும். நான் நாவிதரின் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா மேல்துண்டை எடுத்து மடித்து வைத்தார். படியிறங்கி வந்து, பையனுக்காகப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தார்.

"வேணாங்கறான் இல்ல? எனக்குப் போடுங்க" என்றார்.